ஷேர் டிரைவில் விம் திணறுகிறதா?

எனக்கு வேலை மதுரையில், வீட்டிலிருந்து. கோப்புகள் இருப்பது சென்னை அலுவலக சர்வரில், பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஃபோல்டரில், அதாவது ஷேரில். விபிஎன் போட்டு, அந்த ஷேரை லினக்ஸ் லேப்டாப்பில் மவுண்ட் செய்து (சாதாரண ஃபோல்டர் போல இணைத்து), விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் திறப்பேன். சர்வருக்குள்ளேயே எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) கிடைத்தால் அங்கேயே விம்மை ஓட்டலாம், அதுதான் உத்தமம். எங்களுக்குக் கொடுத்திருப்பது ஷேர் மட்டும்.

இரண்டு வரி தட்டிவிட்டு யோசிக்க நிறுத்தினால் போதும், கர்சர் உறைந்துவிடும். மறுபடி தட்டினால் எழுத்துகள் சற்றுக் கழித்து மொத்தமாக வந்து விழும். நெட் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். கோப்பே சில கேபிதான், அதற்கு எவ்வளவு பெரிய லைன் போட்டும் பயனில்லை. ஒரு கேள்வி சென்னைக்குப் போய்ப் பதிலோடு திரும்ப சுமார் 40 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒரே கேள்வி என்றால் கண்ணுக்குத் தெரியாது. பத்துச் சாமான் வாங்கப் பத்துத் தடவை கடைக்கு நடந்தால்?

விம் எத்தனை நடை நடக்கிறது என்று பார்க்க, ஒரு புரோகிராம் சிஸ்டத்திடம் கேட்பதையெல்லாம் பட்டியலிடும் எஸ்ட்ரேஸை ஓடவிட்டேன். எல்லாரும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவு தெளிவாகத் தெரியும். ஒருமுறை சேமிப்பதற்குள், அந்த ஃபோல்டரில் எழுத முடியுமா என்று சோதிக்க 4913 என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி உடனே அழிக்கிறது. பழைய கோப்பைப் பேக்கப்பாகப் பெயர் மாற்றுகிறது, புதியதை எழுதுகிறது, பிறகு பேக்கப்பை அழிக்கிறது. எல்லாம் சென்னையில்.

நிறுத்தும்போது உறைவதற்குக் காரணம், சேமிக்காத மாற்றங்களைக் காப்பாற்றி வைக்கும் ஸ்வாப் கோப்பு. திறந்த கோப்பின் பக்கத்திலேயே விம் அதை வைக்கும். 200 எழுத்து தட்டினாலோ, 4 நொடி சும்மா இருந்தாலோ அதில் எழுதும். அந்த 4 நொடியைத் தீர்மானிப்பது 'அப்டேட்டைம்' என்ற அமைப்பு. கிட் (கோப்புகளின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் கருவி) மாற்றங்களை ஓரத்தில் காட்டும் கிட்கட்டர் பிளகின், அதை 100 மில்லிசெகண்டாகக் குறைக்கச் சொல்கிறது. என் விம்ஆர்சியிலும் (விம்மின் அமைப்புகள் உள்ள கோப்பு) அப்படியே. லோக்கல் டிஸ்க்கில் அருமையான யோசனை. ஷேரில், மூச்சுவிடும் இடைவெளியிலெல்லாம் ஸ்வாப் எழுத்து ஒரு பக்கம், கிட் டிஃப் (பழையதோடு ஒப்பிடுவது) ஒரு பக்கம்.

அப்டேட்டைமை 4000க்கே கொண்டுபோனேன். ஷேரில் உள்ள கோப்புகளுக்கு கிட்கட்டரை நிறுத்தினேன். 'டைரக்டரி' அமைப்பில் ஹோமுக்குள் ஒரு ஃபோல்டரைக் கொடுத்து ஸ்வாப்பை லேப்டாப்புக்கு இழுத்தேன். பாதையின் கடைசியில் இரண்டு சாய்கோடு போடுங்கள். முழுப் பாதையும் ஸ்வாப்பின் பெயரில் சேர்ந்துவிடும், ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் மோதாது. விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்மில் ஸ்வாப் முன்னிருப்பாகவே ஹோமுக்குள்தான். பேக்கப் வைக்கும் இடத்தைச் சொல்லும் 'பேக்கப்டிர்'ரையும் மாற்ற நினைத்து விட்டுவிட்டேன். பேக்கப் வேறு டிஸ்க்கில் என்றால் பெயர் மாற்றினால் போதாது, பிரதி எடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதே கோப்பை இன்னொருவர் விம்மில் திறந்திருந்தால் எச்சரிப்பதும் அந்த ஸ்வாப்தான். அதை உங்கள் லேப்டாப்புக்குக் கொண்டுவந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்த எச்சரிக்கை வராது; அவர் மாற்றத்தின் மேல் நீங்கள் எழுதிவிடக்கூடும். பலர் கைவைக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்கு மட்டும் நான் ஸ்வாப்பைப் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறேன், உறைந்தாலும் பரவாயில்லை என்று.

முழு கிட் ரெப்போவே (பதிப்பு வரலாற்றோடு சேர்ந்த மொத்த ஃபோல்டர்) ஷேரில் இருந்தால் இதெல்லாம் போதாது. ஸ்டேட்டஸ் பார்க்க ஒவ்வொரு கோப்பையும் கிட் தொட்டாக வேண்டும். லேப்டாப்பில் குளோன் செய்து (முழுப் பிரதி எடுத்து), வேலை முடிந்ததும் புஷ் செய்யுங்கள் (மாற்றங்களைத் திருப்பி அனுப்புங்கள்).