பத்து மணி விதி

“டூட்டியில உட்கார்ந்துக்கிட்டு நான் மொபைல்ல அழுத்தினா மட்டும், கதவுக்குக் கீழே யாரு நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியுமா தம்பி?”

மோட்டாரில் ஓடும் காரேஜ் கதவை இரவு பத்து மணிக்குத் தானாக மூடவை என்றார் அந்த அம்மா. நான் மாட்டேன், மொபைலில் நீங்களே மூடிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு அவர் இப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. “அதுல முடிவு எடுக்கிறது நீங்க மேடம். தானா மூடுற மாதிரி நான் செட் பண்ணிக் குடுத்தா, முடிவு எடுத்தது நான்னு ஆயிடும்.” சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அதுவரை பாதுகாப்பு, பாதுகாப்பு என்று வாய் வலிக்கப் பேசியவன், கடைசியில் என் தலையில் எதுவும் விழக்கூடாது என்பதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அவர் கேட்டது பெரிய வேலை இல்லை. நர்ஸ். இரவு டூட்டி. வீட்டில் வயதான அப்பா மட்டும். பெரியவர் சாயங்காலம் காரேஜைத் திறந்து, வாசலை ஒட்டி நாற்காலி போட்டுக் காற்றாட உட்காருவார். எழுந்து போகும்போது மூட மறந்துவிடுவார். விடிந்து இவர் வந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். காரேஜிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டிருக்காது. அதனால் இரவு பத்து மணிக்குத் திறந்திருந்தால் அதுவாகவே மூடிக்கொள்ள வேண்டும். வீட்டுக் கருவிகளை இணைத்து இயக்குகிற ஹப் பெட்டியில் நாலு வரி. “நாலு வரிக்கு எதுக்குய்யா இவ்வளவு பேச்சு?” என்று எங்கள் முதலாளியும் கேட்டார்.

நாலு வரிதான், ஆனால் நான் அந்தக் கதவைப் பார்த்திருந்தேன். குறுக்கே எதுவும் வந்தால் கதவைத் திருப்பிவிட, தரையை ஒட்டி இரண்டு பக்கமும் எதிரெதிராக இருக்க வேண்டிய சென்சார் கண்கள், மேலே மோட்டார் பெட்டியின் முதுகில் கறுப்பு டேப் சுற்றி, ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தபடி ஒட்டப்பட்டிருந்தன. சாயங்கால வெயில் நேராகக் கதிரை வாங்கும் கண்ணில் அடிக்க, கதவு பாதி இறங்கித் திரும்பத் திரும்ப மேலே போயிருக்கிறது. சரிசெய்ய வந்த யாரோ இப்படி ‘சரி’ செய்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணுக்கு நடுவில் எதுவுமே வராததால் மோட்டாரும் வழி காலி என்று நம்பிக்கொண்டிருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பார்த்துப் பார்த்துக் கோபம்கூட வருவதில்லை.

அவற்றைக் கீழே இறக்கி, தரையிலிருந்து 15 செ.மீ.க்குள் பொருத்தி, அனுப்பும் கண்ணை வெயில் விழும் பக்கத்துக்கும் வாங்கும் கண்ணை நிழல் பக்கத்துக்கும் மாற்றினேன். வெயில் தகராறு அதோடு போயிற்று. அடுத்து, ஒன்றரை அங்குலக் கட்டையைத் தரையில் படுக்கப் போட்டுக் கதவை இறக்கிப் பார்த்தேன். தொட்ட 2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். திரும்பியது, ஆனால் கட்டையை நன்றாக அமுக்கிவிட்டுத்தான் திரும்பியது. மோட்டார் எவ்வளவு பலமாக அமுக்கலாம் என்று வைக்கிற விசை திருகைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார்கள். ஏன் ஏற்றினார்கள் என்பது சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டாரிலிருந்து விடுவித்ததும் தெரிந்தது. கதவைக் கையால் பாதி உயரத்தில் நிறுத்தினால் நிற்கவில்லை, தொம்மென்று இறங்கியது. கதவின் எடையைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தது. அந்த எடை முழுவதையும் மோட்டார் சுமக்கிறது. முறுக்கு ஸ்பிரிங்கில் நான் கை வைப்பதில்லை, அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். அதை மாற்றும்வரை தானியங்கி மூடல் வேண்டாம் என்றேன். இதுவரைக்கும் நான் செய்ததில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் அடுத்ததில். மொபைலில் மூடும் வசதியை மட்டும் நான் கொடுத்தேன். சுவர் சுவிட்ச்சின் இரண்டு முனைகளில், ஹப் சொன்னால் சுவிட்ச் அழுத்தின மாதிரி இணைக்கிற ஒரு ரிலே, ஒரு விநாடி மட்டும் தொட்டுவிடுகிற மாதிரி. மின்சாரம் போய் வந்தால் ரிலே ஆஃபிலேயே இருக்கும்படி வைத்தேன். அதை மறந்துவிட்டால் நடுராத்திரி கரண்ட் வந்த கையோடு கதவு திறந்துகொள்ளும். பல மோட்டார்களில் சுவிட்ச்சை அழுத்திப் பிடித்தால் கண்ணையும் மீறிக் கதவு இறங்கும் என்பதால் ரிலே ஒட்டிக்கொள்ளாமல் விடுபடுகிறதா என்றும் பார்த்தேன். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்ல ஒரு காந்த சென்சார். இறங்கும் முன் கத்த ஒரு சைரன், மின்ன ஒரு விளக்கு. எல்லாம் முறைப்படிதான்.

ஆனால் ஸ்பிரிங் சரியில்லாத கதவை டைமர் மூடக்கூடாது என்றால், மருத்துவமனையிலிருந்து ஒருவர் மூடலாமா? நான் வேலைக்கு ஆதாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த யூஎல் 325 என்ற, கதவு மோட்டார்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரமே இதில் அந்த அம்மா பக்கம்தான். அமெரிக்காவில் 1993 முதல் தயாரான வீட்டு மோட்டார்களுக்குக் கண்ணோ, கதவின் அடிவிளிம்பில் தொடு சென்சாரோ, அதற்கு ஈடான பாதுகாப்போ கட்டாயம் ஆயிற்று. குழந்தைகள் கதவுக்கடியில் சிக்கி இறந்த பிறகு வந்த விதி அது. அதே தரம், கதவைக் கண்ணால் பார்க்கும் இடத்தில் ஆள் இல்லாமல் மூடுவதானால், நகரும் முன் குறைந்தது 5 விநாடி சத்தமும் வெளிச்சமும் வேண்டும் என்கிறது. மூடச் சொன்னது டைமரா, தூரத்தில் இருக்கிற விரலா என்று அது வித்தியாசம் பார்ப்பதில்லை. நான்தான் பார்த்தேன்.

ஏன் பார்த்தேன் என்பதற்கு ஒரு நல்ல காரணமும் வைத்திருக்கிறேன். மனுஷன் என்றால் அழுத்தும் முன் ஒரு நொடி யோசிப்பான். “அப்பா, உள்ள போயாச்சா?” என்று அந்த அம்மா ஒரு போன் போட்டுக் கேட்பார். கடிகாரம் கேட்காது. இதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியும், ஏனென்றால் முன்னாடியே சொல்லிவிட்டார்: வார்டில் போனை எடுக்கவே நேரம் இருக்காது. கிடைக்கிற இடைவெளியில் அவசரமாக அழுத்துகிற விரல், கடிகாரத்தைவிட எந்த விதத்தில் ஒசத்தி?

இன்னொன்றும் இருக்கிறது. “நீங்க சொல்ற மாதிரி யாருக்காவது ஆகி நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை. என் கண்ணால் பார்த்ததில்லை. திறந்து கிடக்கிற கதவை அவர் வாரத்துக்கு எத்தனையோ நாள் பார்க்கிறார். நான் பார்க்காத ஆபத்துக்காக, அவர் பார்க்கிற ஆபத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அப்படிப் பார்த்தால் நான் செய்தது அநியாயம். ஆனால் இந்த மாதிரி விபத்து ஒரு தடவை நடந்தால் போதும் என்பதும் உண்மைதானே. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் இன்னும் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். “தம்பி, மூடியிருக்கிற கதவு பத்து மணிக்குத் தானா திறந்துக்குது.”

பத்து மணிக்கு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ அந்த நாலு வரியை எழுதியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அண்ணன் பையன் எழுதிக் கொடுத்தானாம். விதி இதுதான்: பத்து மணிக்குக் கதவு ‘மூடியிருக்கிறது’ என்று வரவில்லை என்றால் ரிலேயைத் தட்டு. படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் சென்சாருக்கு மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. பேட்டரி தீர்ந்தால் அது திறந்திருக்கிறது என்றும் சொல்லாது, மூடியிருக்கிறது என்றும் சொல்லாது, ‘தொடர்பில்லை’ என்று நிற்கும். ரிலேக்கோ திற, மூடு என்ற பேதம் கிடையாது, தட்டினால் கதவு இருக்கிற நிலையிலிருந்து மாறும். பேட்டரி செத்த அன்றிலிருந்து ஒழுங்காக மூடியிருந்த கதவை ஒவ்வொரு ராத்திரியும் இந்த விதி திறந்து வைத்திருக்கிறது. அவர் பயந்தது நடக்க, அவர் கேட்ட விதியே வழி செய்துவிட்டது.

நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டேன் என்று அப்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அசிங்கமான சந்தோஷம். உடனே அடுத்த எண்ணமும் வந்தது: எழுதத் தெரிந்தவன் எழுத மாட்டேன் என்றதால்தானே தெரியாதவன் எழுதினான்?

பேட்டரியை மாற்றிவிட்டு, பழக்கத்தில் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைப் பாதியில் நிறுத்தினேன். நின்றது. அண்ணாந்து பார்த்தால் ஸ்பிரிங் புதுசு. விசை திருகும் இறக்கப்பட்டிருந்தது. கட்டையைப் போட்டேன், தொட்டதும் திரும்பியது. நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஆள் வைத்துச் செய்திருக்கிறார்.

“எல்லாம் மாத்திட்டு என்னைக் கூப்பிட்டிருக்கலாமே மேடம்?”

“கூப்பிட்டா மறுபடியும் வேற ஒண்ணு சொல்லுவீங்கன்னு தோணுச்சு தம்பி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த நேரம் என்னிடம் வேற ஒண்ணு தயாராக இருந்தது. பெரியவரின் நாற்காலி கதவுக் கோட்டுக்கு மேலேயே கிடந்தது. கண்ணின் கதிர் அதன் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளினால் கால் மறைத்துக் கண்ணில் இருக்கிற சின்ன விளக்கு அணைகிறது, பழைய இடத்துக்கு இழுத்தால் மறுபடி எரிகிறது. உட்கார்ந்திருப்பவர் பாதத்தை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்திருந்தால், கண்ணைப் பொறுத்தவரை அங்கே ஆளே இல்லை.

விதியை அழித்துவிட்டு வந்திருக்கலாம். அழித்தால் பையன் மறுபடி எழுதுவான், பழையபடியே எழுதுவான். அப்படியே விட்டுவிட்டும் வந்திருக்கலாம், அடுத்த பேட்டரி தீரும்வரை. நான் உட்கார்ந்து திருத்தினேன். ‘திறந்திருக்கிறது’ என்று சென்சார் தெளிவாகச் சொன்னால் மட்டும், அதுவும் தொடர்ந்து பத்து நிமிடம் சொன்னால் மட்டும். முதலில் சைரனும் விளக்கும், 5 விநாடி போதாது, பெரியவர் எழுந்து நகர்கிற அளவுக்கு நீளமாக. பிறகு ஒரே ஒரு தட்டு. கதவு திரும்பி மேலே போய்விட்டால் இரண்டாவது முயற்சி கிடையாது, அந்த அம்மாவுக்குச் செய்தி போகும். சென்சார் தொடர்பில்லை என்றால் கதவைத் தொடவே கூடாது, அதற்கும் செய்தி மட்டும். பெரியவரிடம் போய், “ஐயா, நாற்காலியைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டுக்கோங்க” என்றேன். “சரி சரி” என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் போல.

அப்படியென்றால் இப்போது அந்த விதி யாருடையது? ஆரம்பித்தது பையன். மாற்றியது நான், வரிக்கு வரி மாற்றியதில் பையன் எழுதியதில் பத்து மணி என்ற நேரம் மட்டும்தான் மிச்சம். மாட்டேன் என்று சொன்ன வேலையை முழுதாகச் செய்துவிட்டு வந்திருக்கிறேன், கேட்டபோதே செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட ஒழுங்காக. அப்போது ஸ்பிரிங் சரியில்லை, இப்போது சரி, அதனால் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஸ்பிரிங் புதுசாக இருந்திருந்தாலும் நான் ஏதாவது சொல்லி மறுத்திருப்பேன் என்று அந்த அம்மா நினைக்கிறார். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

வேலைத் தாளில், ‘சென்சார் பேட்டரி மாற்றம், பொதுச் சரிபார்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரிபார்ப்பு என்றால் அதில் எல்லாம் அடக்கம்தான். முதலாளி கேட்டால் என்ன செய்தேன் என்று விவரமாகச் சொல்வேன். அவர் இன்னும் கேட்கவில்லை.