ஒன்பது கோவில் பேக்கேஜும் நடுவுல வந்த தண்ணியும்

போன ஜூன்ல அத்தையக் கூட்டிக்கிட்டு நவக்கிரகக் கோவில் போயிட்டு வந்தேன். அத்தைனா அப்பாவோட அக்கா, வயசு 68, ரெண்டு முழங்காலும் வலி, மாடி ஏறச் சொன்னா மூஞ்சி சுருங்கிரும், ஆனா கோவில்னா மட்டும் அந்த வலி எங்க போகும்னு தெரியாது. கும்பகோணத்துல ரூம் போட்டு காலைல 6 மணிக்கு கார்ல ஏறுனா ராத்திரி 9க்குள்ள ஒன்பதையும் முடிச்சுக் குடுத்துருவோம்னு டிராவல்ஸ்ல சொன்னாங்க. "முடிச்சுக் குடுத்துருவோம்"ங்கறதே எனக்கு ஏதோ சென்ட்ரிங் வேலை கான்ட்ராக்ட் மாதிரி கேட்டுச்சு. அத்தைக்கு ஒரே நாள்ல ஒன்பதுங்கறதுல அவ்வளவு சந்தோஷம், ஒரு சின்ன நோட்டுல வரிசையா எழுதி வச்சுக்கிட்டாங்க, பாத்ததும் டிக் அடிக்கணுமாம்.

என் விஷயத்தையும் சொல்லிடறேன். சாமி நம்பிக்கை இருக்கானு யாராவது கேட்டா எனக்கு சட்டுனு பதில் வராது. கோவிலுக்குப் போவேன், விபூதி பூசிக்குவேன், ஆனா சன்னதி முன்னாடி கண்ண மூடுனா வெளில விட்ட செருப்பு இருக்குமாங்கற யோசனைதான் வரும். இது சின்ன வயசுல ஒரு தடவ செருப்பு தொலைஞ்சதுல இருந்து இருக்கு.

முந்தின நாள் திருச்சில எறங்கி கல்லணை வழியாத்தான் கும்பகோணம் வந்தோம். மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தா தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும், நாங்க போனப்போ அங்கயும் தொறந்துட்டாங்க. கரிகாலன் கட்டுனதுனு நம்ம எல்லாரும் ஸ்கூல்ல படிச்ச அணைதான், காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு அங்கருந்துதான் தண்ணி பிரியுது. ஷட்டர் வழியா நுரை தள்ளிக்கிட்டு விழறதப் பாத்து நான் போட்டோவா எடுத்துத் தள்ளுனேன், அத்தை காரை விட்டே எறங்கல. "கட்டி வச்ச மாட்ட அவுத்து விட்ட மாதிரி இருக்கு, இத என்ன பாக்குறது"னுட்டாங்க.

மறுநாள் மொதல் கோவில் திங்களூர், சந்திரனுக்கு உள்ளது. காலைல கூட்டமே இல்ல, அய்யர் நிதானமா தீபாராதனை காட்டுனாரு, அத்தை நோட்டுல மொதல் டிக் அடிச்சாச்சு. அப்பூதி அடிகள் ஊர் அது. அப்பர (திருநாவுக்கரசர்தான்) கண்ணால பாக்காமலேயே அவர் மேல பக்தி வச்சு, பெத்த பிள்ளைங்களுக்கும், வழியில போறவங்களுக்கு வச்ச தண்ணிப் பந்தலுக்கும்கூட திருநாவுக்கரசுனே பேர் வச்ச மனுஷன். அத்தை அந்தக் கதைய பிரகாரம் சுத்தி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவ சொல்லிட்டாங்க.

அங்கருந்து கெளம்பி கும்பகோணம் ரோட்டுல திரும்ப வர்றப்போதான், ஒரு பாலத்துகிட்ட வண்டி வண்டியா நிக்குது. டிவிஎஸ் 50, சைக்கிள், ஒரு டிராக்டர், ஸ்கூல் யூனிஃபார்ம்ல பசங்க. நான் ஆக்சிடென்ட்டுதான்னு நெனச்சேன். டிரைவர் தம்பி எட்டிப் பாத்துட்டு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம வண்டிய ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணிட்டாரு. "தண்ணி வருதுக்கா, பாத்துட்டுப் போயிடலாம்." ஷெட்யூல் என்னாகும்னு கேட்டேன். "2024ல மேட்டூரே ஜூலை 28தான்க்கா தொறந்தாங்க, குறுவை நெல்லே போச்சு எங்களுக்கு"னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. அவருக்கும் ரெண்டு மா நிலம் இருக்காம், அது அப்புறம்தான் தெரிஞ்சுது.

பாலத்துல நின்னு பாத்தா காவேரி வெறும் மணல். அங்கங்க நாணல், ஒரு ஓரமா கருவேலம், நடுவுல பசங்க கிரிக்கெட் ஆடி ஆடி பிட்ச் மாதிரியே தேஞ்சு போன ஒரு எடம், மூணு குச்சி ஸ்டம்பா நிக்குது. தண்ணி எங்கனு தேடுறேன், காணோம். ஒரு பெரியவர் கைய நீட்டி, "அந்தா, கொக்கு நிக்குதுல்ல, அதுக்குப் பின்னாடி"ங்கறாரு. கொக்கு மட்டும்தான் தெரிஞ்சுது, ஒரு இருவது முப்பது இருக்கும், வரிசை கட்டுன மாதிரி ஆத்துக்கு குறுக்க, எங்க பக்கமா நடந்து வருதுங்க. கொக்கு ஏன் நடக்குதுன்னு எனக்குப் புரியல. கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, தண்ணி முன்னேற முன்னேற மணலுக்குள்ள இருக்கற பூச்சி, நண்டு, தவளை எல்லாம் வெளில தெறிச்சு ஓடுது, அதக் கொத்திக்கிட்டே இதுங்க தண்ணிக்கு ஒரு அடி முன்னாடி வருதுங்க, சாமி ஊர்வலத்துல முன்னாடி கொடி புடிச்சுட்டு வர்ற மாதிரி.

அத்தை படித்துறை வழியா எறங்க ஆரம்பிச்சுட்டாங்க, நான் பயந்துபோயி கையப் புடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடுனேன், கீழ மணல்ல நின்னோம். வெள்ளம்னதும் நான் ஒரு அலை மாதிரி கற்பனை பண்ணி வச்சிருந்தேன். அப்படியெல்லாம் இல்ல. ஒரு நாக்கு மாதிரி, பழுப்பு கலர்ல, நுனில நுரை, அதுக்கு முன்னாடி காஞ்ச எலை, கருவேலங்காய், தெர்மோகோல் துண்டு, ஒரு குழந்தையோட ஒத்தச் செருப்பு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு, நம்ம வீட்டுப் பாட்டி நடக்கற வேகத்துலதான் வருது. ஒரு பள்ளம் வந்தா நின்னுரும். அத ரொப்பும். ரொம்பி வழிஞ்சப்புறம்தான் அடுத்த அடி. மணல் குடிக்கற சத்தம் கேக்குதுங்க, சுர்ருனு, சூடான தோசக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி, கூடவே சின்னச் சின்ன குமிழி வெடிக்குது. வாசனையும் மழை மண் வாசனை இல்ல, அதவிட கனமா, பழைய பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி ஒரு வாசனை.

யாரும் கத்தல. பசங்க மட்டும் தண்ணிக்கு முன்னாடி ஓடிப் போயி ஸ்டம்ப புடுங்கிட்டு வந்தாங்க. கை நீட்டிக் காட்டுன பெரியவரும் எங்களுக்குப் பின்னாடியே எறங்கி வந்தாரு, பம்பு செட் தண்ணில நாத்து விட்டு வச்சிருக்காராம், இனிமே பயமில்லனு சொல்லிக்கிட்டே இருந்தவர் தண்ணி பக்கத்துல வந்ததும் பேச்ச நிறுத்திட்டு தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. சன்னதில கட்டுவாங்கல்ல, அதே மாதிரி.

அத்தை குனிஞ்சு (முழங்கால் வலிங்க அந்தம்மாவுக்கு) மணல் மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டு காத்திருந்தாங்க. தண்ணி வந்து வெரல் நுனியத் தொட்டுச்சு. "வாடியம்மா, வா, ஏன் இவ்ளோ லேட்டு"னாங்க, ஊர்ல இருந்து வந்த மகள வாசல்ல நின்னு கேப்பாங்களே அந்தக் குரல்ல. அப்புறம் திங்களூர்ல குடுத்த குங்குமத்த முந்தானைல இருந்து அவுத்து அந்தக் கலங்கல் தண்ணில போட்டாங்க. பிரசாதத்த எடுத்து ஆத்துக்கே படைச்சுட்டாங்களேனு எனக்கு ஒரு நிமிஷம் குழப்பம். டெல்டாக்காரங்களுக்கு அது குழப்பமே இல்ல போல, ஆடி 18க்கு காவேரிய மசக்கையா இருக்கற பொண்ணா நெனச்சு சித்ரான்னமும் காதோலை கருகமணியும் குடுக்கற ஊராச்சே.

நான் என்ன பண்ணேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. டிரைவர் தம்பி பாலத்து மேல இருந்து எடுத்த வீடியோவ மறுநாள் பாத்தப்போ, கணுக்கால் தண்ணில ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நிக்கறேன். செருப்பு கால்ல இல்ல. எப்போ கழட்டினேன், எங்க விட்டேன், தெரியல. கார்ல ஏறி அரை மணி நேரம் கழிச்சு அத்தைதான் பாத்துச் சொன்னாங்க, "ஏண்டி, செருப்பு எங்க?" ஆத்தோட போயிருச்சு.

கார்ல போறப்போ அத்தை அடுத்த கதை எடுத்தாங்க, இதுவும் அப்பர்தான். கைலாசத்தப் பாத்தே தீருவேன்னு வயசான காலத்துல கெளம்பி, காலு தேஞ்சு, கையால தவழ்ந்து, உருண்டு, அதுக்கு மேல முடியாம கெடந்தப்போ, இந்தக் குளத்துல முங்குனு ஒரு உத்தரவு. முங்கி எந்திரிச்சா திருவையாறு. கைலாசம் இல்ல, பக்கத்து ஊரு! அங்க அவரு பாத்தது என்னன்னா யானை ஜோடியா வருது, கோழி ஜோடியா வருது, குயில், மயில், நாரை, கிளி, மாடு. "பன்னி கூட ஜோடியா வருதுனு பாடியிருக்காருடி, அதப் பாத்துத்தான் கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்னாரு." இந்தப் பதிகத்த நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், பன்னி இருக்கறத கவனிச்சதே இல்ல. அந்த எடத்துக்கும் நாங்க நின்ன பாலத்துக்கும் அப்படி ஒண்ணும் தூரம் இல்ல, அதே ஆறு.

மத்தக் கோவில் எல்லாம் ஓட்டம்தான். ஆத்துல ஒன்றரை மணி நேரம் போனதால கஞ்சனூர் போறப்போ நடை சாத்திட்டாங்க, 4 மணி வரைக்கும் திண்ணைல உக்காந்து புளியோதரை சாப்ட்டோம். நான் வெறுங்கால்லயே சுத்துனேன், வெயில்ல கல்லு சுட்டுச்சு, ஆனா சன்னதில நிம்மதியா இருந்துச்சு, பாதுகாக்க ஒண்ணும் இல்லல்ல. ஒரு கோவில்ல கியூவுல ஒரு ஆளு அத்தைய இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போனான், அதப் பத்தி எழுதுனா கோபம்தான் வரும், விட்டுடறேன். சாயந்திரம் ஆயிட்டதால கீழப்பெரும்பள்ளம், இல்லனா திருநள்ளாறு, ஒண்ணுதான் முடியும்னு டிரைவர் தம்பி சொல்லிட்டாரு. கேது விட்டுப் போச்சு. அத்தை சண்டை போடுவாங்கனு நெனச்சேன், ஜன்னல் வழியா வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சானு பாத்துக்கிட்டே வந்தாங்க.

ராத்திரி ரூம்ல மகளுக்கு போன் போட்டாங்க. "தண்ணி வந்துச்சுடி, நான் கையில வாங்குனேன், கொக்கு முன்னாடி நடந்து வருது பாரு..." அந்தப் பக்கம் திருநள்ளாறு எப்படி இருந்துச்சுனு கேட்டிருப்பா போல. "அதுவா, நல்ல கூட்டம். நீ இதக் கேளு, மொதல்ல ஒரு பள்ளம் ரொம்புச்சு..."