முட்டில் ‘டப்’ என்று கேட்டால் எக்ஸ்ரேயோடு திரும்பி வந்துவிடாதீர்கள்

கபடி ஆடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்து வையுங்கள். தம்பிக்கு முட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கிற ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

அம்மன் கொடைக்கு நடந்த ராத்திரி ஆட்டம். பாடிப் போனவன் கோட்டுக்குத் திரும்பினான். யாரும் பிடிக்கக்கூட இல்லை. ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. ‘டப்’ என்ற சத்தம் அவனுக்கே கேட்டதாம். கொஞ்ச நேரத்தில் முட்டு பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. சத்தம், உடனடி வீக்கம், ஊன்றினால் முட்டு நழுவுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஜவ்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எங்கள் ஊரிலோ, “சுளுக்குத்தாம்ல, நீவி விட்டா சரியாப் போவும்” என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு சித்தப்பா வந்துவிட்டார். அவரை நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. முதல் இரண்டு மூன்று நாளைக்கு அழுத்தித் தேய்ப்பதும் சுடு ஒத்தடமும் உள்கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். ஐஸைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்புங்கள்.

மறுநாள் போன கிளினிக்கில்தான் வயிற்றெரிச்சல் ஆரம்பம். அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லாருக்கு, மூணு வாரத்துல ஓடலாம்” என்றார். முட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவர் சொன்ன கெடு முடிந்து ஆற்றுக்குக் குளிக்கப் போனவன், படித்துறையில் முட்டு நழுவி விழப் பார்த்தான்.

அடுத்துப் பார்த்த டாக்டர் படுக்க வைத்து, முட்டை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்தார். நல்ல காலில் டக்கென்று நின்றது. அடிபட்ட காலில் பிடிமானமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. லாக்மன் டெஸ்ட் என்பார்கள். அரை நிமிஷ வேலை, பைசா செலவில்லை. உங்கள் டாக்டர் செய்யாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்கணும், அதனால் ஜீன்ஸ் வேண்டாம், டவுசரோடு கூட்டிப் போங்கள்.

எம்ஆர்ஐயில் ஏசிஎல் முழுக்கிழிசல் என்று வந்தது. ஸ்கேன் சென்டரில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் தந்தார்கள். சர்ஜன் சிடி கேட்டார். அதற்கு ஒரு அலைச்சல். பணம் கட்டும்போதே சிடியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்கணும். அட்டை எங்களிடம் இருந்தது. ஆனால் ஆதாரில் தம்பி பெயரோடு அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, ரேஷன் கார்டில் வெறும் இனிஷியல். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவர் ஸ்டேப்ளரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பேரு இடிக்கும்மா, சரி பண்ணிட்டு வாங்க” என்றார். எங்கே போகணும் சார் என்றால், “அது உங்க பாடு.” இ-சேவை மையத்தில் சர்வர் கிடைக்கவில்லை. சர்வர் வந்தபோது, கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. வெறுத்துப்போய்த் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993-இல் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்தேன். அடுத்த தடவை போனதும் அதே மனுஷன் நாற்காலியைக் காட்டி, “உக்காருங்கம்மா. இதுக்குப் போய் ஏன் போனெல்லாம்? நோட்டரிகிட்ட ஒரு அபிடவிட் வாங்கியாந்தா போதுமே” என்கிறார். இந்த வார்த்தையை முதல் நாளே சொல்ல என்ன கேடு? ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வழக்கம் மாறலாம். எதுவானாலும் ஆதார், ரேஷன் கார்டு, அட்டை மூன்றிலும் பெயரை வீட்டிலேயே எழுத்துக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தான்.

ஆனால் பாதி வேலை அதற்குப் பிறகுதான். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டின் பின்பக்கம் கட்டிலைத் தொடுகிற மாதிரி அழுத்தச் சொன்னார் பிசியோ. முட்டு முழுசாக நீளாவிட்டால் நடை கோணிவிடுமாம். தையல்காரர் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து, இளைத்திருந்ததைக் காட்டினார். தம்பி அன்றைக்குத்தான் வாயடைத்து உட்கார்ந்தான். வலி போனதும் ஜவ்வு தேறிவிட்டதாக நினைக்கிறார்கள். ஆபரேஷனில் வைத்த புது ஜவ்வு பலப்பட மாசக்கணக்காகும். ஒன்பது மாசத்துக்கு முன்னால் ஆட்டமே கூடாது, அதன் பிறகும் ஒற்றைக்காலில் தாவும் தூரம் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்கணும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கோச்சோ ஐந்தாவது மாசமே, “நீகேப் போட்டு ரெண்டு பாட்டு மட்டும் பாடட்டுமே” என்கிறார். நீகேப்பெல்லாம் முட்டு திருகுவதைத் தடுக்காது. போன வாரத் தாவலில் 78 சதவீதம். இப்போதைக்குக் கோச் கூப்பிட்டால் போனை நான்தான் எடுக்கிறேன்.