சத்தியவேடு ரோட்டு முள்ளுக்காடு

பறவை பாக்கப் போறேன்னு சொன்னா உடனே பழவேற்காடு ஏரியா (புலிக்காட்), நேலபட்டு சரணாலயமானுதான் கேக்குறாங்க. பூநாரையும் கூழைக்கடாவும் அழகுதான், இல்லேங்கல. ஆனா எனக்கு இப்போ பித்து புடிச்சிருக்கறது ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா பார்டர்ல, சத்தியவேடு போற பக்கம் கெடக்கற முள்ளுக்காட்டு மேல. காரை, களா, சூரைன்னு முள்ளுச் செடிங்க, நடுவுல செம்மண்ணு, சரளை, அவ்ளோதான்.

இங்க அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்தா ஒண்ணும் தேறாது, தரையப் பாக்கணும். மஞ்சமூக்கு ஆள்காட்டிங்கற பறவை கூடுன்னு எதுவும் கட்டாது, சரளைக்கு நடுவுல லேசா ஒரு குழி, அதுல பெரும்பாலும் நாலு முட்டை, மண்ணு கலர்ல கருப்புத் திட்டு போட்டு இருக்கும், ரெண்டடி தள்ளி நின்னாலும் கல்லுனுதான் நெனைப்போம். ஏப்ரல் வெயில்ல அது வெந்துடாதானு கேட்டா, எங்கயாச்சும் தண்ணியில வயித்து இறகை நனைச்சிட்டு வந்து முட்டை மேல உக்காந்துக்குது. ஏசி எல்லாம் அப்புறம் வந்தது பாஸ்.

சாம்பல்தலை வானம்பாடி இன்னொரு கூத்து. ஆண் சட்டுனு மேல ஏறி, றெக்கைய மூடிக்கிட்டு விர்ருனு கீழ விழும், தரையத் தொடறதுக்குள்ள திரும்ப மேல, கூடவே நீளமா ஒரு விசில்.

ஆடு மேய்க்கற அண்ணன் ஒருத்தர் "ஏம் தம்பி, இந்த தரிசுல ஏமுந்தி?"னு (என்ன இருக்குனு) தெலுங்கு கலந்து கேட்டாரு. பைனாகுலரக் குடுத்து ஒரு கவுதாரி ஜோடியக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "கண்ணி வெச்சா மாட்டும்ல?"ன்னாரு 😄

தரிசுன்னு சொல்லிச் சொல்லியே இந்த மாதிரி எடத்துல தைலமரத்த வரிசையா நட்டுடறாங்க, அதான் கடுப்பு. ஆள்காட்டிக்கு சுத்தி வெட்டவெளியா இருந்தாதான் நரியோ நாயோ வர்றது தூரத்துலயே தெரியும், மரத்த நட்டா அது எடத்த காலி பண்ணிடும். கடப்பா பக்கம் லங்கமல்லையிலயும் இதே மாதிரி முள்ளுக்காடுதான், கலிவிகோடிங்கற (Jerdon's courser) அபூர்வப் பறவைக்குப் பேர்போன எடம். 1900க்கு அப்புறம் கண்ணுல படாம, அழிஞ்சே போச்சுனு முடிவு கட்டின பறவை, 1986ல அங்கதான் திரும்பக் கெடச்சுது. ராத்திரியில நடமாடற ஜீவன் வேற, பகல்ல பாத்தவன் வெறும் பொதருனுதான் சொல்லுவான்.

போறவங்க ஒம்போது மணிக்குள்ள முடிச்சிடுங்க, அதுக்கு மேல வெயில் தாங்காது. ஆள்காட்டி தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துச்சுனா போட்டோவுக்காக முன்னாடி போகாதீங்க, காலடியப் பாத்து வந்த வழியிலயே திரும்பிடுங்க.