ஐயாவின் படகு மோட்டாருக்கு விலை வைத்த கதை

போன தை மாதம் பள்ளத்தூர் வீட்டில் சாமான் பிரித்தோம். ஐயா என்றால் என் அப்பாவின் அப்பா. அவருக்கு மூன்று மகன்கள். அந்த மூன்று வழிக்கும் இப்போது பேசி முடிக்க வேண்டியவர்கள் பெரியப்பா மகன் அண்ணன், நான், சித்தப்பா மகன் தம்பி. பித்தளை அண்டா, பர்மா தேக்கு அலமாரி, மங்குச் சாமான் எல்லாவற்றுக்கும் காரைக்குடியில் ஒரு நடப்பு விலை உண்டு. எடையும் வேலைப்பாடும் பார்த்துப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கோணி சுற்றிக் கிடந்த ஒரு நீளமான மரப்பெட்டிக்குத்தான் விலை சொல்ல ஆளில்லை.

பெட்டியின் மேல் ஐயாவின் விலாசம் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. உள்ளே படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டார். மேலே ஒரு சின்ன இன்ஜின், அதன் பின்னால் பெட்ரோல் டேங்க், கீழே நீண்ட குழாய், நுனியில் ஐந்து இதழ் விசிறி. ஐயா கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன ஊர் மலாயாவில் தெலுக் ஆன்சன். இப்போது தெலுக் இந்தான் என்கிறார்கள். பேராக் ஆற்றங்கரை ஊர். வசூலுக்கு ஆற்றைத் தாண்டிப் போக இந்த மோட்டார். தான் படகின் முன்னால் உட்கார்ந்து போனதை அப்பச்சி, அதாவது என் அப்பா, எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அதனால்தான், "இதை நான் வச்சுக்கிறேன்" என்றேன்.

"தாராளமா வச்சுக்க. ஆனா என்ன விலைன்னு ஒரு நியாயமான கணக்கு வேணும்" என்றார் அண்ணன். அது சரிதான். அன்று ஆரம்பித்த வேலை முடிய நான்கு மாதம் ஆனது.

முதலில் பழைய சாமான் எடுக்கும் ஒருவரை வரச் சொன்னோம். தராசில் வைத்தார், பதினெட்டு கிலோ சொச்சம். டேங்கின் அடியில் ஆணியால் ஒரு கீறு போட்டார். சாம்பல் பெயிண்டுக்குக் கீழே மஞ்சளாகப் பளபளத்தது. "டேங்க் பித்தளைங்க ஐயா. மத்தது அலுமினியமும் இரும்பும்" என்று தனித்தனியாகக் கூட்டி 3,800 ரூபாய் என்றார். அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது. யார் வந்தாலும் கீற விடாதீர்கள். டேங்கின் மூடியைக் கழற்றி உள் கழுத்தைப் பார்த்தாலே பித்தளையா என்று தெரிந்துவிடும்.

அடுத்து வந்தவர் பழைய வீடுகளில் நடக்கும் ஹோட்டல்களுக்கு அலங்காரப் பொருள் வாங்கித் தருபவர். பெயிண்டைச் சுரண்டி, பித்தளையைப் பாலிஷ் போட்டு, ஒரு ஸ்டாண்டில் நிறுத்திக் கொடுத்தால் 9,000 தருவதாகச் சொன்னார். எனக்கு ஆசை வந்தது. நல்ல வேளை, ஒரு வாரம் பொறுத்தேன். இந்த மாதிரிப் பொருளைத் தேடி வாங்குகிறவர்கள் பழைய பெயிண்டோடும் ஒட்டுப்படத்தோடும் இருப்பதற்குத்தான் கூடக் கொடுக்கிறார்கள். ஒருமுறை சுரண்டினால் அது திரும்ப வராது.

அப்புறம்தான் உட்கார்ந்து, இது என்ன பொருள் என்று பார்க்க ஆரம்பித்தேன். உண்மையில் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். டேங்கில் மங்கலாக 'பிரிட்டிஷ் சீகல்' என்ற பெயர் தெரிந்தது. இங்கிலாந்தில் 1931-இல் வுல்வர்ஹாம்ப்டனில் மார்ஸ்டன் சீகல் என்ற பெயரில் தொடங்கி, பிறகு தென்கரையில் உள்ள பூல் என்ற ஊருக்குப் போய், 1990-கள் வரை செய்த மோட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பெரிய அளவில் செய்து கொடுத்திருக்கிறார்கள். 'உலகத்துக்கான மிகச் சிறந்த அவுட்போர்டு மோட்டார்' என்பது அவர்கள் விளம்பர வாசகம். பழையவற்றில் மேலே மூடும் கவசமும் கிடையாது, இழுத்து விட்டால் தானே உள்ளே சுருளும் கயிறும் கிடையாது. இன்ஜினின் உச்சியில் சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலின் தலையில் உள்ள பள்ளத்தில் கயிற்று முடிச்சைச் சொருகிச் சுற்றி, ஒரே இழுப்பு. ஓடும்போது ஃப்ளைவீல் வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும். வேட்டி நுனி, துண்டு எதுவும் அருகில் போகக் கூடாது.

மோட்டாரின் நம்பர் கிராங்க் கேஸில், அதாவது இன்ஜினின் உலோகக் கூட்டில், அச்சடித்திருக்கும். அறுபது வருட எண்ணெய்ப் பிசுக்கு அதை மூடியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு சாயங்காலம் தேய்த்தேன். கம்பி பிரஷ் போட்டால் எழுத்து தேய்ந்துவிடும். முன்னால் வரும் எழுத்துகள் எந்த மாடல் என்று காட்டும். பிற்காலத்தில் செய்தவற்றில் கடைசியில் மாதத்துக்கும் வருடத்துக்குமான குறியும் இருக்கும். எங்களுடையதில் அந்தக் குறி இல்லை, ஆகவே பழையது. ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருக்கும் நம்பர் வரிசையோடு ஒப்பிட்டதில் 1950-களின் நடுவில் வந்தது, 102 சிசி வகை என்று தெரிந்தது. இதற்குத் தம்பியாக 64 சிசி ஒன்று உண்டு. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், விலை பேசும்போது மாறிப் போகக் கூடாது.

உறுதி வேறு இடத்தில் கிடைத்தது. நம் வீடுகளில் கணக்கு எழுதாமல் ஒரு துரும்பும் வந்ததில்லை. மேல்மாடிப் பெட்டகத்தில் இருந்த மலாயாப் பேரேடுகளை நானும் தம்பியும் இரண்டு நாள் புரட்டினோம். 1956-ஆம் வருடத்துப் பக்கம் ஒன்றில் தமிழ் எண்களில் இருந்தது: 'போட்டு இஞ்சின் வகைக்கு வெள்ளி 365'. வெள்ளி என்றால் மலாயா டாலர். அடுத்த வரியில் கயிறும் எண்ணெயும். ஐயாவின் கையெழுத்து நேராக, ஒரு அடித்தல் இல்லாமல் இருந்தது. தம்பி அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தான்.

இனி விலை. இந்தியாவில் இதற்கென்று சந்தை இல்லை, இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே இணையத்தில் ஒருவர் 600 பவுண்டு கேட்டிருந்தார். அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன், அவரும் அதையே பிடித்துக்கொண்டார். அது கேட்கும் விலை, விற்ற விலை வேறு என்று புரிய வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஏலத்தில் முடிந்துபோனவற்றை மட்டும் தனியாகப் பார்த்தேன். எங்கள் மாதிரி மோட்டாரில் ஓடுவது பெரும்பாலும் 100 முதல் 150 பவுண்டுக்குள் போயிருந்தது. ஓடாதது அதில் பாதிக்கும் கீழே. சீகல் நிறையச் செய்த மோட்டார், இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. அதனால் வயசு மட்டும் விலையைத் தூக்காது.

ஆக, ஓடுமா ஓடாதா என்பதுதான் பாதி விலை. மோட்டாரை வேனில் ஏற்றி, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனேன். மீனவர்களின் அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் அங்கே இருக்கிறார். பாய் முதலில் எதையும் கழற்றவில்லை. பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும் வரை அப்படியே விட்டார். பிறகு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக அசைத்தார். அசைந்தது. பிளக்கைத் திருப்பி மாட்டிச் சுற்றியபோது ஒரு இடத்தில் எதிர்த்து நின்று, மெல்ல விட்டுக் கொடுத்தது. "கம்ப்ரஷன் இருக்கு தம்பி. இது சாகல" என்றார். வண்டியில் ஏற்றும்போது என் மனதில் இருந்த கேள்விக்கு அதுதான் பதில்.

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோவின் பாயிண்ட் பச்சை பூத்திருந்தது. அதைத் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்ததும் பிளக்கில் நீலப் பொறி வந்தது. கியர் எண்ணெய் பால் மாதிரி வெளியே வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வடித்து, 140 நம்பர் எண்ணெய் ஊற்றினார். கூலிங் தண்ணீர் ஏறும் குழாய் அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தியதும் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மண் உதிர்ந்தது. பேராக் ஆற்று வண்டல். ஒரு பிடி எடுத்து, கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பெட்ரோலில் எண்ணெய் கலப்பதில் மட்டும் பாயோடு கொஞ்சம் பேச வேண்டி வந்தது. இப்போதைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று போதும். இந்தப் பழைய சீகலுக்குப் பத்துக்கு ஒன்று வேண்டும். உள்ளே இருக்கும் புஷ்களுக்கு அந்த எண்ணெய்தான் உயிர். புகை வரும், வரட்டும். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் நிறுத்தி, ஏழாவது இழுப்பில் பிடித்தது. பட்பட்பட் என்று ஆரம்பித்து ஒரே சீராக ஓடியது. அப்பச்சி வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவார். கிட்டத்தட்ட அதேதான்.

அன்று இரவே கணக்குப் போட்டேன். ஓடும் 102 சிசி மோட்டாருக்கு 130 பவுண்டு, நம் பணத்தில் சுமார் 14,500. படகுப் பலகையில் இறுக்கும் கிளாம்ப் திருகு ஒன்று இல்லை, கயிற்றின் கைப்பிடி இல்லை, டேங்கில் கீறல்: 1,500 கழிவு. பேரேட்டு வரியும் விலாசம் போட்ட பெட்டியும் சேர்ந்திருப்பதற்கு 2,000 கூட்டினேன். ஆக 15,000. பழுது பார்த்த 2,700 ரூபாயை நான் சேர்க்கவில்லை, அது என் ஆசைக்குச் செய்தது. இங்கிலாந்துக்கு அனுப்பி விற்றால் கூடக் கிடைக்காதா என்று அண்ணன் கேட்டார். பதினெட்டு கிலோவுக்கு அனுப்பும் செலவே கிட்டத்தட்ட அந்த விலையைத் தின்றுவிடும் என்று காட்டினேன். ஒப்புக்கொண்டார்.

ஆளுக்கு ஐயாயிரம். அண்ணன் வாங்கிக்கொண்டார். தம்பி பணம் வேண்டாம், பெட்டி வேண்டும் என்றான். பெட்டி பிரிந்தால் மோட்டாரின் மதிப்பு குறையும், அதை அவனிடமே சொன்னேன். ஆனால் பேரேட்டின் மேல் அவன் விரல் வைத்திருந்தது கண்ணில் நின்றது. கொடுத்துவிட்டேன். என்றைக்காவது விற்பதானால் மோட்டாரும் பெட்டியும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள் 1956 பேரேட்டின் அதே பக்கத்தில் இருக்கிறது.