ஏறின கியரில் இறங்கு

ஜூன் 8, 2025, ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆச்சு. 2020 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ கார், 1.0 டிஎஸ்ஐ என்ற டர்போ பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், 48,300 கிலோமீட்டர் ஓடியது. சேலத்தில் ஒருவரிடம் வாங்கினேன். 2022-லேயே இந்தியாவில் போலோவை நிறுத்திவிட்டதால் நல்ல வண்டியாகத் தேடவே ஐந்து மாதம் பிடித்தது.

இன்று விடியற்காலை தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை போய் வந்தேன். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் இன்ஜின். ஆனால் 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த 175-ம் 1,750 ஆர்.பி.எம்-லேயே வந்துவிடுகிறது. காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு மாங்காய் லோடு டெம்போவை முந்தும்போது நான்காவது கியரில் லேசாகத்தான் மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டியது. பத்து வருஷம் ஆல்டோ ஓட்டியவனுக்கு இது வேறு உலகம்.

திரும்பி வரும்போதே மனதில் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதி சக்தி கூட்டுவது), கூம்பு வடிவ கோன் ஏர் ஃபில்டர், சத்தமான சைலன்சர், தாழ்த்தும் ஸ்பிரிங், 17 இன்ச் அலாய். பெங்களூரில் இந்த ரீமேப் வேலை செய்யும் ஒரு ட்யூனரிடம் போனில் கேட்டேன். முதல் கட்டமான ஸ்டேஜ் 1 மேப் போட்டால் 135 குதிரை, 220 நியூட்டன் மீட்டர் வரும் என்றார். இதற்காக ஒதுக்கி வைத்திருப்பது ஒரு லட்சம் ரூபாய்.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். பானெட்டைத் திறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முன் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கவாட்டில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்தார்.

"நாலாயிரத்து எண்ணூத்தி பத்தொம்பது. பத்தொம்பதாம் வருஷம், நாப்பத்தெட்டாவது வாரம். இது வண்டியோட வந்த டயர்டா தம்பி."

பட்டன், அதாவது டயர் மேலே இருக்கும் ரப்பர் வெட்டு, நிறைய இருக்கிறதே என்றேன். நகத்தால் ரப்பரை அழுத்திக் காட்டினார். நகம் பதியவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

டயர் கணக்கு போட்டுப் பார்த்தேன். வண்டியோடு வந்த அளவு 195/55 ஆர்16: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச். வெளி விட்டம் 621 மில்லிமீட்டர். 205/55 போட்டால் 632. வண்டி அஞ்சரை மில்லிமீட்டர் உயரும், நம்ம ஊர் வேகத்தடைக்கு அது நல்லது. ஆனால் ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைத்துக் காட்டும், கியரும் அந்த அளவுக்கு நீளும், அதாவது இழுப்பு குறையும். 205/50 என்றால் 611, வண்டி தாழும். 17 இன்ச்சில் 215/45 போட்டால் விட்டம் ஏறக்குறைய பழையதேதான், 625. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் 107 மில்லிமீட்டரிலிருந்து 97 ஆகிவிடும். பென்னாகரம் ரோட்டில் ஒரே ஒரு குழி போதும், ரிம் வளைந்துவிடும்.

195-லேயே இருக்கப் போகிறேன். அளவு அதேதான், ரப்பர் மட்டும் நல்லதாக.

ஜூன் 15, ஞாயிறு

இன்று நடந்ததை முழுசாக எழுதி வைக்க வேண்டும்.

அப்பாவோடு சேலம் கிளம்பினேன், பெரியம்மா வீட்டுக்கு. பாளையம் டோல்கேட் தாண்டினால் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது முழுக்க இறக்கம். ஆறாவது கியரில் 90-ல் இறங்கினேன். வளைவுக்கு முன்னால் பிரேக், விட்டால் மறுபடி வேகம், மறுபடி பிரேக். முன்னால் இரும்புக் காயில் ஏற்றிய டிரெய்லர் ஒன்று இடது ஓரம் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி வலது பக்கம் வந்தபோது இன்னொரு லாரி ஒதுங்க இடமில்லாமல் குறுக்கே வந்தது. அழுத்தினேன். பெடல் மெத்தை மாதிரி கீழே போனது. இரண்டாவது முறை பம்ப் அடித்த பிறகுதான் பிடித்தது. இரட்டைப் பாலம் வருவதற்குள் உள்ளங்கை நனைந்துவிட்டது.

அப்பா சத்தம் போடவில்லை. "மூணுக்குப் போ" என்றார். மூன்றாவது கியருக்கு மாற்றினேன். இன்ஜின் உறுமி, வண்டி 50-ல் தானாக நின்ற மாதிரி ஆனது. அடிவாரம் போனதும் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். முன் சக்கரத்திலிருந்து கருகின வாசம்.

"எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லதான் எறங்கணும். லாரிக்காவது பொகைக் கொழாய அடைச்சு வேகத்தக் கொறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு. உன் வண்டில இன்ஜினே சின்னது, அது புடிக்கிற புடியும் சின்னது. அதையும் நீ உபயோகப்படுத்தல."

அவர் சொன்னதை இரவு முழுக்க யோசித்தேன். 1,250 கிலோ வண்டியும் ஆளுமாக 80-லிருந்து நிற்பதற்கும் 100-லிருந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றலில் ஒன்றரை மடங்குக்கும் மேல். இறக்கத்தில் அதோடு மலையும் சேர்ந்து தள்ளுகிறது. இந்த வண்டிக்கு இன்னும் 25 குதிரை சேர்க்கத்தான் நான் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

நான்கு ரோடு பக்கத்தில் நம்ம மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். வண்டியை ஏற்றி, பிரேக்கில் இருக்கும் நிப்பிளைத் திறந்து பழைய பிரேக் ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். டீ டிகாஷன் நிறம்.

"சார், இதை யாருமே மாத்தல. எழுதியிருக்கிற சர்வீஸ் எல்லாம் இன்ஜின் ஆயில்தான்."

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது அதன் தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் உள்ளே போகும். அன்றைக்கு எனக்கு நடந்தது அதுதான். சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறிப் பிடி விடுவது வேறு மாதிரி: பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் எதற்குக் காசு போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முன் பேட் 4 மில்லிமீட்டர்தான் மிச்சம். பேட் நான்கும் புதுசு, கம்பெனி ரகமே. பந்தய பேட் வேண்டுமா என்று கேட்டேன். "அது சூடானாத்தான் கடிக்கும். காலைல பால் வாங்கப் போற வண்டிக்கு எதுக்கு?" என்றார். ஆயில் டாட் 5.1 போட்டோம், ஈரம் ஏறினாலும் 180 தாங்கும். டாட் 4-ஓடு ஒத்துப்போகும். டாட் 5 என்பது சிலிகான், அதை இதில் கலக்கவே கூடாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் டப்பாவைத் திருப்பிப் படித்த பிறகே வாங்கினேன். பின் சக்கரத்து பிரேக் டிரம்மைப் பிரித்துச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை அட்ஜஸ்ட் பண்ணினார்.

மொத்தம் 7,850 ரூபாய்.

ஜூன் 22, ஞாயிறு

நான்கு டயரும் மாற்றியாச்சு. வாங்கும் முன் ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்த்தேன், எல்லாம் இந்த வருஷம். அலைன்மெண்ட், பேலன்சிங் சேர்த்து 33,400.

ஜூலை 6, ஞாயிறு

வத்தல்மலை. காலை ஆறு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தேன். இரவு தூறியிருந்ததால் ரோடு ஈரம்.

ஏறும்போதுதான் டர்போவின் அருமை தெரிகிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர், 2,000 ஆர்.பி.எம்-ல் மெதுவாக மிதித்தால் போதும், இழுத்துக்கொண்டு போகிறது. பழைய டயரில் இதே ஈரத்தில் உள் சக்கரம் சுழன்றிருக்கும். இப்போது ரோட்டைக் கவ்வுகிறது. இந்த 175 நியூட்டன் மீட்டரில் பாதியையாவது நான் இதுவரை ரோட்டில் இறக்கியிருப்பேனா என்பதே சந்தேகம்.

இறங்கும்போது இரண்டு, மூன்று கியரிலேயே வந்தேன். அடிவாரத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், சூடு இருந்தது, வாசம் இல்லை.

ஒரு குறை பிடிபட்டது. வளைவில் சின்ன மேடு வந்தால் பின் பக்கம் இரண்டு முறை ஆடி அடங்குகிறது. கீழே வந்து பின் ஷாக் அப்சார்பரைப் பார்த்தால் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருக்கிறது. இங்கேதான் தாழ்த்தும் ஸ்பிரிங் ஆசையை ஒதுக்கி வைத்தேன். கட்டையான, இறுக்கமான ஸ்பிரிங்கைத் தேய்ந்த ஷாக்கில் போட்டால் குதிப்பு அதிகமாகும். புது ஷாக்கோடு போட்டாலும் நம்ம ஊருக்கு அது சரிப்படாது. அறுவடைக் காலத்தில் பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பக்கம் ரோட்டிலேயே கொள்ளுச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் பரப்பி வைப்பார்கள், வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று. என் சின்ன வயதில் எங்கள் காட்டில் விளைந்த கொள்ளுச் செடியை அப்படித்தான் அடித்தோம். காய்ந்த கொடி அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் புகைந்த காரை நானே பார்த்திருக்கிறேன். வண்டி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு ஆபத்து.

ஜூலை 13, ஞாயிறு

பெங்களூர் போய் ட்யூனரைப் பார்த்துவிட்டு வந்தேன். நேர்மையான மனிதர். மறைக்காமல் எல்லாம் சொன்னார். ஸ்டேஜ் 1 போட்ட அதே போலோவை ஓட்டவும் கொடுத்தார். ஓசூர் ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் பொய்.

பிறகு உட்கார்ந்து கேள்விகள் கேட்டேன்.

கிளட்ச்? அந்த வண்டியில் 20,000 கிலோமீட்டரில் வழுக்க ஆரம்பித்து மாற்றியிருக்கிறார்கள். கியர்பாக்ஸ்? இதன் பெயர் எம்கியூ200. அந்த 200, அது எத்தனை நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது என்பதைக் குறிக்கிறது. 220 ஓடும், உடனே உடையாது, ஆனால் கம்பெனி விட்டு வைத்த இடைவெளியை நாம் தின்றுவிடுகிறோம்.

பெட்ரோல்தான் என் மனதில் பெரிதாக நின்றது. டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைக் கூட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும். தானாக வெடிக்காமல் தாங்கும் திறனான ஆக்டேன் பெட்ரோலில் பத்தவில்லை என்றால், பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும், அதுதான் நாக்கிங். இன்ஜின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளும், கூட்டிய சக்தி திரும்பப் போய்விடும். அவருடைய மேப் குறைந்தது 95 ஆக்டேன் என்று நினைத்து எழுதியது. பெங்களூரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் வரைக்கும் கிடைக்கும். நான் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று சுற்றுகிறவன். எந்த பங்க் முன்னால் வருகிறதோ அங்கே போடுவேன். அங்கே என்ன கிடைக்கிறதோ அதற்குத்தான் என் இன்ஜின் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார், அது மேப் போடாத வண்டிக்கும் பொருந்தும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன டர்போ இன்ஜினை 1,300, 1,400 ஆர்.பி.எம்-ல் மேல் கியரில் வைத்துக்கொண்டு முழுசாக மிதிக்கக் கூடாது. அந்த நேரத்தில் வரும் முன்வெடிப்பு பிஸ்டனையே உடைக்கலாம். கியர் குறைத்துவிட்டு மிதி, ஆயில் கையேட்டில் எழுதிய ரகமே போடு. மைலேஜுக்காக ஐந்தாவதிலேயே இழுத்துப் பழகிய என் காலுக்கு இது புதுப் பாடம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

சட்டத்தைப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, 2019-ல் திருத்திய 182ஏ. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடும் யோசனை இதோடு முடிந்தது. சட்டத்தை விடுங்கள், அந்தப் புகை எங்கள் தெருக் குழந்தைகள் மூக்கில்தானே போகும். இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் மேப் போட்டு, ஏதாவது நடந்து, க்ளெய்ம் நின்றுபோனால் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

ஜூலை 24, வியாழன்

ஏர் ஃபில்டர். கோன் ஃபில்டர் இன்ஜின் அறையின் சூட்டுக் காற்றையே உறிஞ்சும். டர்போவுக்கு வேண்டியது குளிர்ந்த காற்று. பர்கூர் பக்கம் கிரானைட் லாரிகள் பின்னால் போனால் வரும் வெள்ளைப் புழுதி எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பேப்பர் ஃபில்டரையே, சொன்ன தூரத்தில் பாதியில் மாற்றிக்கொள்கிறேன். 480 ரூபாய்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் ரோடு முழுக்க கூட்டமாக இருக்கும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. பூஜை முடிந்து, மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தோடு அப்பாவை ஏற்றிக்கொண்டு மறுபடி சேலம்.

கணவாய் தொடங்கும் முன்பே நான்காவதுக்கு வந்தேன், செங்குத்தான இடத்தில் மூன்று. 55, 60-க்கு மேல் போகவிடவில்லை. இரட்டைப் பாலத்துக்கு முன்னால் வேண்டுமென்றே ஒருமுறை பலமாக அழுத்திப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. பெடல் ஒரு விரற்கடை தூரத்திலேயே உறுதியாக நின்றது. அப்பா ஜன்னலுக்கு வெளியே, ஓரமாக நின்ற ஒரு லாரியின் பின் சக்கரத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளீனர் பையன் கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பாவம், நிறுத்திட்டான்" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ட்யூனருக்குப் போன் செய்து இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளட்ச் மாற்றும் காலம் எப்படியும் வரும், அப்போது பேசலாம் என்றேன். அதுவரை ஒருநாள் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்குப் போய் ஓட்டிப் பாருங்கள், 2.1 கிலோமீட்டர் டிராக், உங்கள் வண்டி இப்போதே என்ன செய்யும் என்று தெரியும் என்றார். அந்த யோசனை பிடித்திருக்கிறது.

கையில் மீதி 58,270. முன், பின் நான்கு ஷாக்கும், அதை மேலே பிடித்திருக்கும் மவுண்ட்டும் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், கம்பெனி உயரமே, கொஞ்சம் இறுக்கமான ரகம். வர பத்து நாள் ஆகும் என்றார் மெக்கானிக் அண்ணன்.