அலமாரியில் இருக்கும் கன்சோல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கிறது

பழைய வீடியோ கேம் கன்சோல் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. அதில் எத்தனை இன்றைக்கு ஆன் ஆகும் என்றுதான் கேட்பேன். பிரிக்காத பெட்டி, மடங்காத அட்டை, அக்ரிலிக் உறைக்குள் மதிப்பெண் போட்டு முத்திரை வைத்த கேசட் என்று தேடித் தேடி வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். ஆனால் அதைப் பாதுகாப்பது என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. நாணயத்தை டப்பாவில் போட்டு மூடினால் நூறு வருடம் கழித்தும் நாணயமாகவே இருக்கும். கன்சோலுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, பெட்டி பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் ரசாயனம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

சேகாவின் கேம் கியர் என்ற கையடக்கக் கன்சோலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் வந்தது. அதன் சர்க்யூட் போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குட்டி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் கசியும், அந்தத் திரவம் பக்கத்தில் ஓடும் செம்புத் தடங்களை அரிக்கும். சத்தம் குறையும், திரை மங்கும், சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் படம் தெரியும், கடைசியில் ஆன் ஆகாது. கெப்பாசிட்டர் மாற்றாத கேம் கியர் ஒழுங்காக ஓடுவதே இப்போது அபூர்வம். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸிலும் இதே கதைதான், தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க வைத்த ஒரே ஒரு கெப்பாசிட்டர் கசிந்து போர்டையே தின்றுவிடும். கடைசியாக வந்த 1.6 பதிப்பு போர்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதை எடுத்துவிடுவதுதான் நல்லது, எடுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி போடும்போது மணி என்ன என்று கேட்கும், அவ்வளவுதான்.

கேசட்டுகளுக்கு உள்ளேயும் கெடு வைத்த பொருள் உண்டு. லெஜண்ட் ஆஃப் செல்டா போல ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் நிண்டெண்டோ கேசட்டுகளில் ஒரு பட்டன் பேட்டரி பற்றவைத்திருப்பார்கள், பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்தால் சேமித்தது போச்சு. மாற்றுவது எளிது, ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் அழிந்துவிடும் என்பதால் முதலில் கேசட் ரீடரில் செருகி சேவ் பைலைக் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒரு குழந்தை முப்பது வருடத்துக்கு முன்னால் பெயர் போட்டுச் சேமித்த ஆட்டம் அதில் இருக்கும். அதை அழிக்க எனக்கு மனம் வராது.

காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷின்கள் பக்கம் வந்தால் பேட்டரி விவகாரம் இன்னும் கொடுமை. கேப்காம் 1993-இல் சிபிஎஸ்-2 என்ற போர்டைக் கொண்டுவந்தது, சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அதில்தான் வந்தது. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்க நிரலைப் பூட்டி, அதைத் திறக்கும் சாவியை பேட்டரியில் உயிர்வாழும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி இறந்தால் சாவி அழியும், சாவி அழிந்தால் நல்ல நிலையில் இருக்கும் போர்டு வெறும் ஒற்றை வண்ணத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கும். சேகரிப்பவர்கள் இதைத் தற்கொலை பேட்டரி என்றே சொல்வார்கள். எத்தனையோ போர்டுகள் கிடங்கில் கிடந்தபடியே இப்படிப் போயின. 2007-இல் அந்தப் பூட்டின் கணக்கைக் கண்டுபிடித்து உடைத்தார்கள், அதில் ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மேம் என்ற எமுலேட்டர் மென்பொருளைத் தொடங்கிய நிக்கோலா சால்மோரியாவுக்கும் பங்கு உண்டு. பிறகு சாவியைப் போர்டுக்குள்ளேயே மறுபடி எழுதும் வழியும் வந்தது, செத்துக் கிடந்தவை எழுந்து உட்கார்ந்தன. எமுலேட்டர் ஆட்களும் அசல் மெஷின் ஆட்களும் எதிரெதிர் கட்சி என்று பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். கணினியில் ஓடவைக்க உழைத்தவர்களால்தான் இன்று பல அசல் போர்டுகள் உயிரோடு இருக்கின்றன.

சரி, எமுலேட்டரே இருக்கும்போது அசல் எதற்கு? எனக்குக் காரணம் பிக்சர் ட்யூப். அந்தக் காலத்து ஆட்டங்கள் எல்லாம் அந்தத் திரையை மனதில் வைத்தே வரையப்பட்டவை. 1991-இல் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த சோனிக்கில் அருவி ஒன்று விழும், இப்போதைய டிவியில் பளிச்சென்று போட்டுப் பார்த்தால் அது செங்குத்தான கோடுகள், ஒன்று விட்டு ஒன்று. அதே மெஷினை அன்றைய மஞ்சள் முனை காம்போசிட் கேபிளில் ட்யூப் டிவிக்குக் கொடுத்தால் கோடுகள் ஒன்றோடு ஒன்று கரைந்து, தண்ணீருக்குப் பின்னால் பாறை தெரியும். மெகா டிரைவால் பாதி ஒளிபுகும் வண்ணத்தை அப்படி நேரடியாகக் காட்ட முடியாது, வரைந்தவர்கள் கேபிளின் மங்கலையே தூரிகையாக எடுத்துக்கொண்டார்கள். வாத்து சுடும் ஆட்டமான டக் ஹண்டின் துப்பாக்கியும் அப்படித்தான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி அந்த வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும். தட்டை டிவியில் படம் வந்து சேரவே கொஞ்சம் தாமதமாகும், அதற்குள் துப்பாக்கி தேடி முடித்துவிடும்.

ஆஸ்டிராய்ட்ஸ் (1979), டெம்பெஸ்ட் (1981) என்ற ஆர்கேட் ஆட்டங்கள் இரண்டையும் வெக்டர் மானிட்டரில் பார்க்காதவர்களுக்கு நான் என்ன எழுதினாலும் போதாது. அதில் புள்ளிகளே கிடையாது, எலக்ட்ரான் கதிர் நேராகக் கோட்டை இழுக்கிறது. ஆஸ்டிராய்ட்ஸில் சுடும் குண்டு கண்ணாடியில் எரிவது போல ஜொலிக்கும், கதிர் ஒரே இடத்தில் நின்று அடிப்பதால் வரும் பிரகாசம் அது, ஐயாயிரம் ஸ்கிரீன்ஷாட் பார்த்தாலும் புரியாது. இந்த மானிட்டர்களைப் புதிதாகச் செய்வார் யாரும் இல்லை. இருக்கிறதைத்தான் காப்பாற்றியாக வேண்டும். கவனம், கலர் ட்யூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கியிருக்கும். அதை இறக்குவது எப்படி என்று தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒருமுறை காட்டாமல் பின்கதவைத் திறந்து கை விடாதீர்கள்.

ஆர்கேட் மெஷினின் மரப்பெட்டியான கேபினெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் திரையையோ படத்தையோ பார்க்க வேண்டாம், குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தூள்பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் பக்கவாட்டுப் பலகையில் இருக்கும் ஓவியத்தைக் கெடுக்காமல் சரிசெய்வது பெரிய வேலை. அப்புறம், வந்ததும் பிளக்கில் செருகிவிடாதீர்கள். போர்டைக் கழற்றி வைத்துவிட்டு பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்து, 5 வோல்ட் சரியாக வருகிறது என்று மீட்டரில் பார்த்த பிறகே போர்டை இணையுங்கள்.

கேபினெட்டைக் குடைந்து, உள்ளே ஒரு கணினியை வைத்து ஆயிரம் ஆட்டம் போட்டுவிட்டேன் என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டாங்கி காங் 1981-இல் அமெரிக்காவில் இறங்கியபோது, விற்காமல் தேங்கிய ராடார் ஸ்கோப் என்ற வேறோர் ஆட்டத்தின் கேபினெட்டுகளை மாற்றித்தான் முதலில் அனுப்பினார்கள். 1985-இல் ஜப்பானில் ஜாமா என்ற 56 முனை இணைப்பு பொதுவாக வந்த பிறகு போர்டைக் கழற்றி வேறு போர்டு செருகுவது அந்தக் கேபினெட்டின் பிறவிக் குணமே ஆகிவிட்டது, அதில் நீங்கள் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். காலியான கூடு கிடைத்தாலும் தாராளமாக. ஆனால் சுழல் குமிழோடு டெம்பெஸ்ட், டிராக்பாலோடு மிசைல் கமாண்ட், விமானக் கைப்பிடியோடு ஸ்டார் வார்ஸ், இவையெல்லாம் அந்த ஒரே ஆட்டத்துக்காக மரத்திலிருந்து கம்பி வரை செய்யப்பட்டவை. உயிரோடு இருக்கும் ஒன்றைப் பிரித்து எறிந்தால் அதற்கு மாற்று கிடையாது.

மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. வெளுத்தது மறுபடி மஞ்சளாவதைப் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்தில் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றிவிடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், ஆர்கேட் போர்டு வைத்திருக்கும் எல்லோருக்கும். நிரல் இருக்கும் ஈப்ரோம் சிப்புகளின் நடுவில் சிறு கண்ணாடி ஜன்னல் இருக்கும், புற ஊதாக் கதிர் பட்டால் அழியும் வகை. அதன்மேல் ஒட்டிய தாள் உரிந்திருந்தால் இன்றைக்கே புதிதாக ஒட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு சிப்பையும் புரோகிராமர் என்ற கருவியில் வைத்துப் படித்து, மேமில் பதிவான பைலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் சிப் கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு பழையதை அழித்துப் புதிதாக எழுதிவிட வேண்டாம், இரண்டு மூன்று முறை படியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே விடை வந்தால் அது இதுவரை யாரும் பதிவு செய்யாத பதிப்பாகக்கூட இருக்கலாம், அந்தப் பைலை மேம் குழுவுக்கு அனுப்பி வையுங்கள்.